வாசகர் கேள்வி – பதில்: ஏரிக்கரை ஊருக்கு எந்தப் பருவத்தில் செல்வது?

பின்லாந்தின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் விடுமுறையைக் கழிப்பது பற்றிக் கேட்டு அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ அந்நாட்டில் படிக்கவும் தொழில் புரியவும் சென்றிருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளுள் பெரும்பாலானவை சைமா ஏரியின் தீவுகள்மேல் அமைந்துள்ள சவொன்லின்னா என்ற ஊரைக் குறித்தவை. பெயருக்கு நகரமாயினும் 30,000 பேர் அளவிலேயே வாழும் சிறிய இடம் அது. எனது தங்கையின் குடும்பம் அங்கு வசிப்பதால் கோடையிலும் பனிக்காலத்திலும் அங்கு தங்கியிருக்கிறேன். ஆகையால் பதில்களையும் அவ்வூரை வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: எனது மகன் ஹெல்சிங்கியில் தொழில் புரிகிறான். நானும் மனைவியும் சென்று ஓர் ஏரிக்கரை ஊரில் இரண்டு வாரம் தங்க விரும்புகிறோம். எந்த மாதம் நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கரவெட்டி

பதில்: மாதத்தைத் தீர்மானிக்கும் முன் ஏரியின் நிலையை அறிந்துகொள்ளுங்கள், ஐயா. அவ்வூரின் ஆண்டு, ஏரி உறைவதையும் உருகுவதையும் ஒட்டியே நடக்கிறது. பொதுவாக டிசெம்பரில் சைமா உறையத் தொடங்கும். ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ பனிக்கட்டி முற்றாகக் கரையும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏரி மக்கள் நடக்கவும் சறுக்கவும் செய்கின்ற நிலம். மே நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை படகோடும் நீர். இவற்றுக்கு இடைப்பட்ட நவெம்பரிலும் ஏப்ரலிலும் பனிக்கட்டி ஆளைத் தாங்காது, படகும் ஓடாது. பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அந்த இரு மாதங்களையும் தேர்ந்தெடுத்து, பின்னர் மனம் வருந்தியவர்களை நான் அறிவேன்.

அடுத்தது வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடே உள்ளது. சவொன்லின்னா வட அகலாங்கு 62 பாகைக்கு அருகில் இருப்பதால், யூன் மாதப் பிற்பகுதியில் பகல் 19 மணித்தியாலத்துக்கும் மேல் நீள்கிறது. சூரியன் இரவு 11 மணிக்குச் சற்று முன்னரே மறைகிறது, அதன் பின்னரும் வானம் முழுமையாக இருள்வதில்லை. டிசெம்பரின் பிற்பகுதியிலோ காலை 9 மணி தாண்டி உதிக்கும் சூரியன் பிற்பகல் 3 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. இளையோருக்கு இது புதுமையாக இருக்கலாம். ஆயுள் முழுவதும் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்குப் பொழுதுபடும் ஊரில் வாழ்ந்த முதியவர்களுக்கோ இரண்டு எல்லைகளுமே உறக்கத்தைக் குலைப்பவை. யூனில் செல்பவர்கள் கண்ணை மறைக்கும் பட்டி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு பருவத்தைச் சொல்லுமாறு கேட்டால், தங்களைப் போன்றவர்களுக்கு ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரையான காலத்தையே சொல்வேன். யூலை முழுவதும் பின்லாந்து மக்களே விடுமுறையில் இருப்பதால் விடுதிகளும் வாடகை வீடுகளும் நிறைந்திருக்கும். அதோடு யூலையில் சவொன்லின்னாவின் கோட்டைக்குள் இசைநாடக விழா நடப்பதால் அறை கிடைப்பதே அரிது. ஓகஸ்ட் இரண்டாம் வாரமளவில் அங்குள்ள பாடசாலைகள் தொடங்கிவிடும், கூட்டமும் கட்டணமும் குறையும், நுளம்பும் குறையும், நீர் இன்னும் கோடையின் வெதுவெதுப்பைக் கொஞ்சம் வைத்திருக்கும். காட்டில் லிங்கன்பெர்ரி என்ற சிறு சிவப்புப் பழம் பழுத்திருக்கும், காளான் முளைத்திருக்கும். இரவு மீண்டும் இரவாகவே இருப்பதால் நன்றாக உறங்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: கோடைக்கென்றே நடத்தப்படும் பயணப் படகுகளும் தேநீர்க்கடைகளும் சில, ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் நாட்களைக் குறைத்துவிடும் அல்லது மூடிவிடும். படகுப் பயணமே முதன்மை என்றால் ஓகஸ்ட் தொடக்கத்திலேயே செல்லுங்கள்.

பனியைக் காணவேண்டும் என்ற ஆசை இருந்தால், மார்ச் மாதம். அதைப் பற்றி அடுத்த பதிலில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பாடசாலை ஆசிரியை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் மட்டுமே எனக்கு விடுமுறை. நல்லூர்த் திருவிழாவைத் தவறவிடவும் மனமில்லை. நத்தார்க் காலத்தில் சென்றால் பனி பார்க்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: நத்தார்க் காலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசெம்பர் 24 நண்பகலோடு ஊர் அடங்கிவிடும். கடைகள் பலவும் உணவகங்களும் மூடியிருக்கும். பேருந்தும் புகையிரதமும் குறைந்த அளவிலேயே ஓடும். அது அவர்கள் குடும்பத்தோடு வீட்டுக்குள் இருக்கும் காலம். உறவினர் வீடு இருந்து, அவர்களோடு சேர்ந்திருப்பதே நோக்கமாயின் அதைவிட நிறைவான நாட்கள் இல்லை: மாலையில் மக்கள் சேமக்காலைகளுக்குச் சென்று கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதைக் காண்பது ஒன்றே போதும். உறவினர் இல்லாமல் விடுதியில் தங்குபவருக்கோ அது மிகத் தனிமையான வாரமாகிவிடும். மேலும் நாட்டின் அந்தத் தென்கிழக்குப் பகுதியில் டிசெம்பர் இறுதியில் ஏரி நடக்கத்தக்கதாக உறைந்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

ஏப்ரல் விடுமுறை இன்னும் பொருந்தாது. பனிக்காலம் முழுவதும் நடைபாதைகளில் வழுக்காதிருக்கத் தூவப்பட்ட சல்லிக்கல், பனி உருகியதும் தூசியாக எழும், காட்டுப்பாதை சேறாகும், ஏரி சாம்பல் நிறத்தில் நைந்து கிடக்கும்.

ஆகவே ஓகஸ்ட் தான். நல்லூரில் தீர்த்தம் ஆவணி அமாவாசையன்று வருவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து, அது ஓகஸ்ட் பிற்பகுதியில் முடிந்துவிடும் ஆண்டாக இருந்தால் பூங்காவனம் முடித்துப் புறப்படலாம். அமாவாசை செப்டெம்பரில் விழும் ஆண்டாயின் கொடியேற்றத்துக்கு முன்பே சென்று திரும்பலாம். என்றாவது சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின் மார்ச் மாதத்தில் ஒருமுறை செல்லுங்கள். மார்ச் 20ஆம் நாளளவில் அவ்வூரின் பகல் நமது பகலின் நீளத்தை எட்டிவிடும், ஏரிமேல் அரை மீற்றர் வரையும் தடித்த பனிக்கட்டி, மேலே வெயில். பகலில் சுழியம் பாகைக்கு அருகிலும், இரவில் அதிலிருந்து பத்துப் பதினைந்து பாகை கீழும் இருப்பது வழமை. பின்லாந்து மக்கள் பனிக்காலத்தில் உண்மையாகவே விரும்பி வெளியில் இறங்குவது அந்த மாதத்தில்தான்.

கேள்வி: எங்களிடம் ஒரு வாரமே உண்டு. ஹெல்சிங்கி, லப்லாந்து, ஏரிப் பிரதேசம் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
– சுன்னாகத்திலிருந்து ஒரு குடும்பம்

பதில்: முடியும், ஆனால் எதையும் பார்த்ததாக இருக்காது. நாட்டின் வடபகுதியான லப்லாந்தின் ரொவனியெமி நகரம், ஹெல்சிங்கியிலிருந்து 800 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அந்த ஏழு நாட்களையும் சவொன்லின்னாவிலேயே கழித்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறேன். பின்னர் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹெல்சிங்கியிலிருந்து புகையிரதத்தில் பரிக்கலா வரை சென்று, அங்கே சிறிய தொடருந்துக்கு மாறினால், மொத்தம் நான்கு முதல் நாலரை மணித்தியாலத்தில் ஊரை அடையலாம். அந்தக் கிளைப்பாதையில் கடைசி ஒரு மணித்தியாலம் இரு பக்கமும் நீராகவே இருக்கும், அங்கு உறங்கிவிடாதீர்கள். ஊரின் நடுவே சந்தை, சந்தையின் ஓரத்தில் படகுத்துறை, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஓலவின்லின்னா என்ற கோட்டை. சுவீடன் அரசின் கிழக்கெல்லையைக் காப்பதற்காக எரிக் அக்செல்சொன் தொட் என்ற பிரபு 1475இல் அதைக் கட்டத் தொடங்கினார். கோட்டை நிற்கும் கிரோன்சல்மி நீரிணையில் நீரோட்டம் வலிமையானது. ஆகையால் ஏரி முழுவதும் உறைந்திருக்கும் நாட்களிலும் அந்த இடத்தில் கரிய நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஐனோ அக்தே என்ற புகழ்பெற்ற பாடகி 1912இல் இக்கோட்டைக்குள் இசைநாடக விழாவைத் தொடங்கினார். இடையில் நின்றுபோன அது 1967 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. விழா நடக்கும் வாரங்களில் சென்றால் நுழைவுச்சீட்டையும் அறையையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும்.

ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் கெரிமெக்கி என்ற கிராமத்தில், 1847இல் கட்டி முடிக்கப்பட்ட, 3,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மரத்தேவாலயம் உள்ளது. அவ்வளவு பெரிய மரக் கட்டடத்தை வெப்பமூட்ட இயலாததால் அது பெரும்பாலும் கோடையிலேயே பயன்படுகிறது. புங்கஹர்யு என்ற இடத்தில், பனியூழியின் இறுதியில் உருகிய நீர் கொண்டுவந்து குவித்த மணலும் கல்லும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய மேடாக ஏரியை ஊடறுத்து நிற்கின்றன. பைன் மரங்களுக்கிடையே அந்த மேட்டின்மீது நடக்கும்போது வலப்புறமும் இடப்புறமும் நீர் தெரியும். முதியவர்களும் நடக்கக்கூடிய பாதை அது. ஒரு முழு நாளை அதற்கே ஒதுக்குங்கள். அருகில் லுஸ்தோ என்ற காட்டு அருங்காட்சியகமும் இருக்கிறது. மழை பெய்தால் அங்கு ஒதுங்கலாம்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னும் ஓரிரு நாட்கள் மீதமிருக்கும். அவற்றை ஒன்றும் செய்யாமல் கரையில் இருப்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வற்றாத ஆறே இல்லாத, கிணற்று நீரை நம்பி வாழும் குடாநாட்டிலிருந்து சென்று, 188,000 அளவில் ஏரிகளைக் கொண்ட நாட்டின் மிகப் பெரிய ஏரியின் கரையில் அமர்ந்திருப்பது ஓடிப் பார்க்கும் எந்தக் காட்சியிலும் குறைந்ததன்று என்பது எனது உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்கள் குடும்பம் கடற்றொழில் செய்வது. அங்கே உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பார்களாம். வெளிநாட்டவர் அதைச் செய்யலாமா? பனிக்கட்டியின் மேல் நடப்பது ஆபத்தில்லையா?
– உயர்தர மாணவர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: செய்யலாம், தம்பி. சுருளில்லாத சாதாரணத் தூண்டிலில் மீன் பிடிப்பதும், பனிக்கட்டியில் துளையிட்டுச் சிறு தூண்டிலால் பிடிப்பதும் பொதுவாக எவருக்கும் கட்டணமின்றி அனுமதிக்கப்பட்டவை. வெளிநாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. சுருள் பூட்டிய தூண்டிலைப் பயன்படுத்த 18 முதல் 69 வயது வரையானோர் அரசுக்கு மீன்வள முகாமைக் கட்டணம் செலுத்தவேண்டும். வலை போடுவதற்கு நீரின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும்.

ஆபத்து உண்டு, அதை இலேசாக எண்ணவேண்டாம். தெளிந்த, உறுதியான பனிக்கட்டி 5 சென்ரிமீற்றர் இருந்தால் ஓர் ஆளைத் தாங்கும் என்பது அந்நாட்டுக் கணக்கு. கார் செல்வதற்கு 20 சென்ரிமீற்றர் வேண்டும். ஆனால் ஒரே ஏரியில் ஓரிடத்தில் அரை மீற்றர் தடிப்பும், நூறு அடி தள்ளி விரல் தடிப்பும் இருக்கலாம். நீரிணைகள், பாலங்களின் அடி, நாணல் அடர்ந்த கரை, முனைகள் ஆகிய இடங்களில் நீரோட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். வசந்தகாலத்தில் தடிப்பு இருந்தும் பலம் இராது: வெயில் பட்ட பனிக்கட்டி குச்சிக் குச்சியாகப் பிரிந்துவிடும். கடலை நன்கு அறிந்தவர் என்பதால் இந்த நீரையும் அறிந்தவராக உங்களைக் கருதிக்கொள்ளவேண்டாம். உள்ளூரவர் ஒருவருடன், அவர் நடந்த தடத்திலேயே செல்லுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு கூரிய ஆணிப்பிடிகள் கடைகளில் விற்கப்படும். உடைந்து விழுந்தால் அவற்றைப் பனிக்கட்டியில் குத்தி இழுத்துத்தான் மேலேற முடியும். அவை இல்லாமல் ஏரியில் கால் வைக்கக்கூடாது. அவசர அழைப்பு இலக்கம் 112.

சைமாவில் பெயர்பெற்ற மீன் முய்க்கு. நமது சூடையின் அளவில் வெள்ளிபோல் மின்னும் அச்சிறு மீனை ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, சந்தையில் கடதாசித் தட்டில் தருவார்கள். முள்ளோடு உண்ணலாம். கோடையில் சென்றால் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சைமாவில் நன்னீரில் வாழும் கடல்நாய் இருப்பதாகப் படித்தேன். பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: பார்க்கலாம், மே நடுப்பகுதி முதல் யூன் தொடக்கம் வரையான சில வாரங்களே அதற்கு உகந்தவை. அப்போது அவை மயிர் உதிர்ப்பதற்காகப் பாறைகள்மீது ஏறி மணிக்கணக்காக வெயில் காயும். பனியூழிக்குப் பின் நிலம் உயர்ந்து ஏரி கடலிலிருந்து பிரிந்தபோது உள்ளே அகப்பட்டுக்கொண்ட வளையக் கடல்நாயின் வழித்தோன்றல்கள் இவை. உலகில் வேறெங்கும் இல்லை. இன்றும் ஏறத்தாழ 500 மட்டுமே உள்ளன. அதுவும் பல பத்தாண்டுப் பாதுகாப்பின் பயனாகவே அந்த எண்ணிக்கையை எட்டியிருக்கின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கரையோரப் பனிக்குவியலைக் குடைந்து அதற்குள் குட்டி ஈனும். பனி போதாத ஆண்டுகளில் தன்னார்வலர்கள் பனியை அள்ளிக் குவித்து அவற்றுக்கு இடம் அமைத்துக்கொடுக்கிறார்கள். குட்டிகள் வலையில் சிக்கி இறப்பதைத் தடுக்க, அவை வாழும் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் யூன் 30 வரை வலை போடத் தடை உண்டு.

லின்னன்சாரி, கொலொவேசி ஆகிய தேசியப் பூங்காக்கள் இவற்றின் வாழிடங்கள். அனுபவமுள்ள படகோட்டியுடன் செல்லுங்கள். அவர் தூரத்தில் நிறுத்தினால் இன்னும் கிட்டப் போகுமாறு வற்புறுத்தவேண்டாம். பனிக்காலத்தில் இவற்றைத் தேடிச் செல்லவே கூடாது: அஞ்சிய தாய் குட்டியை விட்டு நீரில் இறங்கிவிடும்.

கேள்வி: மருமகள் வீட்டார் சவுனா என்ற நீராவிக் குளியலுக்கு அழைக்கிறார்கள். ஆடையின்றி அமர்வார்களாம். எங்களைப் போன்ற பெண்களுக்கு அது ஏற்றதா?
– வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: தங்கள் கூச்சம் இயல்பானது, அதற்காக அழைப்பை மறுத்துவிட வேண்டாம். ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் முறை வைத்துச் செல்வதே குடும்பங்களில் வழமை. துணி சுற்றிக்கொள்ள விரும்புகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் எவரும் தவறாக எண்ணமாட்டார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் பொதுச் சவுனாக்களில் நீச்சலுடை அணிவார்கள். 55 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சவுனாக்கள் உள்ளன. 2020இல் யுனெஸ்கோ அம்மரபை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது தூய்மைக்கும் அமைதிக்கும் உரிய இடம். முற்காலத்தில் பிள்ளைப்பேறு நடந்ததும் அங்கேதான். உங்களை அழைப்பது உங்களைக் குடும்பத்தில் ஒருவராகக் கொள்வதற்கான அடையாளம்.

கீழ்ப்படியில் அமருங்கள், மேலே ஏற ஏற வெப்பம் கூடும். உள்ளே 70 முதல் 90 பாகை வரை இருக்கும். சூடான கற்கள்மீது நீரை ஊற்றும்போது எழும் ஆவி முதலில் மூச்சை முட்டச் செய்யும். தலையைக் குனிந்துகொண்டால் தணியும். போதும் என்று தோன்றிய கணமே வெளியே வரலாம். கோடையில் ஏரியிலும், பனிக்காலத்தில் பனிக்கட்டியில் வெட்டிய துளையிலும் இறங்குவார்கள். இரண்டாவதைக் கட்டாயம் செய்யவேண்டுமென்பதில்லை. உயர் குருதி அமுக்கமோ இருதய நோயோ இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டே செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் வெள்ளி, செவ்வாயில் மரக்கறி உணவு உண்பவர்கள். அந்தச் சிற்றூரில் நமது சாப்பாட்டுக்கு என்ன வழி? ஊரிலிருந்து எவற்றைக் கொண்டுபோகலாம்?
– நல்லூர் வாசகி

பதில்: சமையலறை உள்ள இடத்தை எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். அரிசி, பருப்பு, கடலை, உருளைக்கிழங்கு, கோவா, கரட், தயிர் எல்லாம் ஊர்க்கடையில் உண்டு. மரக்கறி உணவுக்கான பொருள்களும் தாராளமாகக் கிடைக்கும். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். தேங்காய்ப்பால் தகரத்தில் கிடைக்கும். கறித்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும்தான் தட்டுப்பாடு.

கொண்டுசெல்வதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை மதித்து நடக்கவேண்டும். இறைச்சியும் பாற்பொருளும் எந்த வடிவிலும் கூடாது. நெய்யும் அதில் அடங்கும். பழங்களுக்கும் பச்சை இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கறிவேப்பிலையும் பெட்டியில் வைக்கத்தக்கவை அல்ல. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. மீன் வகையை ஒருவர் சொந்தப் பயன்பாட்டுக்கு 20 கிலோ வரை கொண்டுசெல்லலாம். ஆகவே கருவாட்டுக்குத் தடையில்லை, நெருங்கிய அயலவர் இருக்கும் வீட்டில் அதைப் பொரிப்பது பற்றி மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புளி ஆகியவற்றை நன்றாகப் பொதிசெய்து எடுத்துச் செல்லுங்கள். ஏரி மீன் போட்டு அங்கே காய்ச்சிய ஒடியற்கூழை எனது தங்கையின் அயலவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பழம் பறிக்கும் உரிமையைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலியடைத்து வளவைக் காக்கும் ஊரிலிருந்து செல்லும் நமக்கு இது வியப்பாக இருக்கும்: அந்நாட்டில் காடு யாருடையதாக இருந்தாலும் எவரும் அதில் நடக்கலாம், காட்டுப்பழமும் காளானும் சேகரிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள்ளும் பயிர் நிலத்துக்குள்ளும் செல்லக்கூடாது. நில உரிமையாளரின் அனுமதியின்றித் தீ மூட்டக்கூடாது. யூலை இறுதியிலிருந்து நீலப்பெர்ரி, ஓகஸ்ட் இறுதியிலிருந்து லிங்கன்பெர்ரி. காளானை மட்டும் நன்கறிந்தவர் துணையின்றித் தொடாதீர்கள். உயிரைப் பறிக்கும் வெள்ளைக் காளானும் அதே காட்டில்தான் முளைக்கிறது. காட்டிலிருந்து திரும்பியதும் உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த அம்மாவை மார்ச் மாதத்தில் அழைத்துச் செல்லலாமா? குளிரைத் தாங்குவாரா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: குளிரை உடுப்பால் வெல்லலாம், வழுக்கலே முதியவர்களுக்கு உண்மையான பகை. பகலில் உருகி இரவில் உறையும் மார்ச் மாத நடைபாதை கண்ணாடியாகிவிடும். சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டிகள் அங்குள்ள கடைகளில் கிடைக்கும்; அம்மாவுக்கு முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். உடலோடு ஒட்டிய முதல் உடுப்பு கம்பளி நூலில் இருக்கவேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச்செய்யும். அதன்மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத அங்கி. சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருந்தால்தான் தடித்த காலுறைக்கு இடமிருக்கும். கொழும்பில் பெருஞ்செலவு செய்து குளிரங்கி வாங்காதீர்கள்; அங்குள்ள பழைய பொருட்கடைகளில் அந்த நாட்டுக் குளிருக்கென்றே தைத்த நல்ல அங்கிகள் மலிவாகக் கிடைக்கும். வீடுகளின் உட்புறம் எப்போதும் 20 பாகைக்கு மேல் வெப்பமாகவே இருக்கும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். பலர் அஞ்சுவது வீட்டுக்குள்ளும் நடுங்கவேண்டியிருக்கும் என்று எண்ணித்தான்.

கேள்வி: ஏரிக்கரையில் தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணுகிறோம். எவற்றைக் கேட்டறிய வேண்டும்?
– தெல்லிப்பழை வாசகர்

பதில்: பனிக்காலத்தில் செல்வதாயின், அந்த வீடு ஆண்டு முழுவதும் வசிக்கத்தக்கதா என்பதே முதற்கேள்வி. கோடை வீடுகள் பலவற்றில் குழாய் நீர் உறைந்துவிடும் என்பதால் செப்டெம்பரோடு அடைத்துவிடுவார்கள். குடிநீர் குழாயிலா, கிணற்றிலா, கழிப்பறை நீரூற்றும் வகையா, வீட்டுக்கு வெளியே மரத்தூள் போடும் உலர் வகையா என்பதையும் கேளுங்கள். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இது சிறிய விடயமன்று. கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரத்துக்கே கொடுப்பார்கள். படுக்கை விரிப்புக்கும் இறுதித் துப்புரவுக்கும் வேறாகப் பணம் கேட்பதுண்டு. கார் இல்லாமல் இத்தகைய வீட்டுக்குப் போகவேண்டாம். அங்கு வலப்பக்கம் ஓட்டவேண்டும். பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும். அந்திவேளையில் பெரிய மூஸ் மான்கள் வீதியைக் குறுக்கறுக்கும். தீவுகளுக்கிடையே பொதுவீதியில் மஞ்சள் நிற இழுவைப் படகுகள் காரோடு உங்களை ஏற்றிச் செல்லும். அதற்குக் கட்டணம் கிடையாது.

யூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமையை ஒட்டி நடுக்கோடை விழா. அந்த வார இறுதியில் நகரமே காலியாகி எல்லாரும் ஏரிக்கரை வீடுகளில் இருப்பார்கள். கரையெங்கும் சொக்கப்பனை போன்ற பெருந்தீ மூட்டுவார்கள். வீடு கிடைப்பது அரிது; வியாழக்கிழமைக்குள் உணவுப் பொருட்களை வாங்கி வைத்துவிடுங்கள். வறட்சியால் காட்டுத்தீ எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் வெளியில் தீ மூட்டுவது தடை; அதைக் கட்டாயம் மதியுங்கள்.

கேள்வி: வேலணையில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவன் நான். இப்போது ஓய்வில் இருப்பதால், அந்த ஏரிக்கரையில் நான்கு பருவங்களையும் பார்த்து ஓராண்டு தங்கிவிட ஆசை. ஊரில் உள்ள அண்ணரும் சேர்ந்து வர விரும்புகிறார்.
– ரொரன்ரோ வாசகர்

பதில்: சுற்றுலாப் பயணியாக ஓராண்டு தொடர்ந்து தங்க இயலாது. கனடாக் கடவுச்சீட்டு உள்ள தங்களுக்கு முன்விசா வேண்டியதில்லை. ஆயினும் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல், பொது விசா முறையைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளான செங்கன் நாடுகளில் இருக்கக்கூடாது என்ற விதி தங்களுக்கும் பொருந்தும். பிரான்சிலோ ஜேர்மனியிலோ உறவினரைப் பார்க்கத் தங்கும் நாட்களும் அதே கணக்கில் சேரும். இலங்கைக் கடவுச்சீட்டுள்ள அண்ணர் செங்கன் விசா பெறவேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்கு முன்பாவது ஒப்படைக்க வேண்டும். 2024 யூன் முதல் வளர்ந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் தேவை. எந்த நாட்டில் கூடுதல் நாட்கள் தங்குகிறாரோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை ஒரு தவணை: உறைந்த ஏரி, சறுக்குப்பாதை, நீண்டுகொண்டே வரும் பகல். ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை மறு தவணை: கோடையின் கடைசி நீச்சல், பெர்ரி, காளான், செப்டெம்பர் இறுதியில் பேர்ச் மரங்கள் மஞ்சளாக மாறும் காலம். இத்திட்டம் 90 நாள் எல்லைக்குள் அடங்கும். விடுபடுபவை யூன் மாத வெளிச்சமும் நவெம்பர் இருளும். ஒக்டோபரில் மூஸ் வேட்டை நடப்பதால் காட்டுக்குள் நடக்கும்போது இருவரும் செம்மஞ்சள் நிற மேலுடுப்பு அணியுங்கள். அண்ணரின் விசாவைப் பலமுறை நுழைவதற்குரியதாக, இரு தவணைகளின் காரணத்தையும் எழுதிக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க நேரும். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் எல்லையைக் கடப்பவரின் முகப்படத்தையும் விரலடையாளத்தையும் எடுத்து நாட்களைக் கணினியே எண்ணுவதால், எல்லையை ஒட்டித் திட்டமிடாமல் ஒரு வாரத்தையாவது மீதம் வைத்துக்கொள்ளுங்கள்.